வெள்ளைப் புடவைக்கு முன்னால்

சென்ற வருஷம் இந்தக் கடற்கரையில் ஓர் ஊரில் கே. பி. சுந்தராம்பாளுக்கு நினைவு விழா எடுத்தார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரின் பெயரும் விழாக் குழுவின் பெயரும் இங்கே வேண்டாம். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. வயிறாரச் சாப்பாடு போட்டார்கள். தருவைகுளத்திலிருந்து போய்வர வண்டிச் சத்தமும் கொடுத்தார்கள். எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் மரியாதை செய்கிற ஊர் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அழைப்பிதழைப் பார்த்தபோதே எனக்கு நெருடியது. அந்த அம்மாளின் பெயருக்கு மேலே பெரிய எழுத்தில் ‘கற்பின் திருவுருவம்’ என்று போட்டிருந்தது. கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய எழுத்தில், ‘கொடுமுடி கோகிலம்’. பாட்டு கீழே போய்விட்டது, புடவை மேலே வந்துவிட்டது.

மேடையில் எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். கணவர் கிட்டப்பா இறந்தார். இருபத்தைந்து வயதில் இந்த அம்மாள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார். அந்தச் சங்கல்பத்தைச் சாகும்வரை காப்பாற்றினார். ஒருவர் இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபையிலும் சிலர் துடைத்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வயதுக்கு முன்னால் அந்த அம்மாள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நால்வரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏதோ அந்த 1933 டிசம்பரில்தான் அவர் பிறந்தது போல.

நான் அந்த முன்பாதியைப் பற்றிப் பேசினேன். பேச்சை வாங்கி விழா மலரில் போட்டார்கள். மலர் கைக்கு வந்தபோது பார்த்தால், என் பேச்சில் நடுவில் இரண்டு பக்கம் காணோம். செயலாளரைத் தொலைபேசியில் கேட்டேன். “பக்கம் பத்தலை சார். அதோட, அந்த விஷயமெல்லாம் மலரில் எதுக்குன்னு பெரியவங்க நினைச்சாங்க” என்றார். பக்கம் பற்றாத அதே மலரில் நகைக்கடை விளம்பரம் பதினோரு பக்கம் இருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தைத்தான், கொஞ்சம் கோபத்தையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

சுந்தராம்பாள் 1908-ல் கொடுமுடியில் பிறந்தார். அந்த வீட்டின் வறுமையை நான் வர்ணிக்கப் போவதில்லை. வறுமையை வர்ணிப்பது எங்கள் தொழிலில் மிகவும் சுலபமான வேலை. சிறு பெண்ணாக ரயிலில் பாடிக் காசு வாங்கினார் என்பது பிரசித்தமான கதை. வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழுகிற மூத்த பிள்ளையாக வேஷம் கட்டினார். இந்த இடத்தில் வாசகர் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். பசித்த குழந்தை பசித்த குழந்தையாக நடித்தது என்று நம்மவர்கள் உருகுவார்கள். நான் உருகச் சொல்லவில்லை. அந்தக் குழந்தை ஒரு பையனாக நடித்தது. தினமும் ஒரே இடத்தில், ஒரே சுருதியில், அழுகை பாட்டைக் கெடுக்காமலும் பாட்டு அழுகையைக் கெடுக்காமலும் நடித்தது. அது வித்தை. பசித்த குழந்தைகள் நாட்டில் லட்சக்கணக்கில் இருந்தன. எல்லாக் குழந்தையும் சுந்தராம்பாள் ஆகவில்லை.

அந்தக் காலத்து மேடை எப்படிப்பட்டது என்பதை இன்று கச்சேரி சபாவில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு விளங்க வைப்பது கஷ்டம். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட்டில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறவன் காதில் வார்த்தை விழ வேண்டும். விழாவிட்டால் அவன் சும்மா இருக்கமாட்டான். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை நடக்கும். அதிலும் ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒத்திகை என்ற பேச்சே இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு தெரியும். ஆனால் எதிராளி எந்த ராகத்தில் எடுப்பார், எந்த இடத்தில் வசனத்தை வளைத்து மடக்குவார் என்று தெரியாது. நாரதர் தர்க்கத்தில் வள்ளி தடுமாறினால் கூட்டம் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடும். மல்யுத்தக் கோதாவுக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

இந்தக் கோதாவுக்குப் பாடம் எழுதி வைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் எங்கள் பக்கத்துக்காரர். 1867-ல் தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, நாடகத்துக்குப் போவதற்கு முன்னால் தூத்துக்குடியில் உப்புக் கணக்கு எழுதியவர். இன்றும் தருவைகுளத்திலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் போனால் வழியில் அளத்துக்காரர்கள் உப்பு வாருவதைப் பார்க்கலாம். மூட்டைக் கணக்கு எழுதிய அந்தக் கையிலிருந்து இத்தனை சந்தமா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். இருக்கட்டும்.

இந்தக் கரைக்கும் மேடைக்கும் வேறொரு சம்பந்தமும் உண்டு. நாடகக்காரர்களுக்கு இலங்கை ஒரு பெரிய வருமானம். 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கிறவரைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்குத் தூத்துக்குடிக் கப்பல்தான் பிரதான வழி. படுதா, கிரீடம், ஆர்மோனியம் எல்லாம் மூட்டை மூட்டையாகத் துறைமுகத்தில் ஏறியிருக்கும். அந்தக் கொழும்பில்தான் 1926-ல் சுந்தராம்பாளும் செங்கோட்டை கிட்டப்பாவும் ஜோடி சேர்ந்து நடித்தார்கள். கிட்டப்பா யார்? இருபது வயதுக்குள் தமிழ்நாட்டையே காதால் ஆண்டவர். அவருக்கு எதிரே நின்று பாடுவதென்றால் சாதாரணக் குரலுக்குத் தொண்டை வற்றிவிடும். எதிரே நின்றது பதினெட்டு வயதுப் பெண். நின்றது மட்டுமல்ல, அந்தக் குரலுக்கு ஈடு கொடுத்தது. ஜோடி என்றே ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். ‘கிட்டப்பாவும் கூட ஒரு பெண்ணும்’ என்று அல்ல.

1927-ல் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. இந்த வாக்கியத்தைத்தான் மலர்க் குழுவினர் முதலில் வெட்டியிருக்கிறார்கள். இது நான் கண்டுபிடித்த ரகசியம் அல்ல. அவர்கள் சரித்திரம் எழுதிய எல்லோரும் எழுதியது. இதைச் சொல்வதால் கிட்டப்பாவின் பாட்டில் ஒரு ஸ்வரம் குறையுமா? குறையாது. நானும் அதைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்பதற்காகச் சொல்லுகிறேன். கிட்டப்பாவுக்கு நினைவு விழா எடுத்தால் அழைப்பிதழில் பெயருக்கு மேலே என்ன போடுவீர்கள்? ‘ஏகபத்தினி விரதர்’ என்றா? போட முடியாது. போட வேண்டியதும் இல்லை. அவருக்குப் பாட்டு இருக்கிறது, அதைப் போடுவீர்கள். அதே பாட்டு அந்த அம்மாளுக்கும் இருந்ததே! அவருக்கு மட்டும் பாட்டு போதாமல், புருஷன் செத்த பிறகு என்ன புடவை கட்டினார் என்ற சான்றிதழ் ஏன் வேண்டியிருக்கிறது?

இதற்கு என் நண்பர் ஒருவர், தமிழாசிரியர், சூடாகப் பதில் சொன்னார். “அது அவங்களாகவே எடுத்த முடிவு ஐயா. அதை மதிக்கிறது தப்பா?”

தப்பில்லை. 1933-ல் இருபத்தேழு வயதில் கிட்டப்பா இறந்தபோது அந்த அம்மாள் பட்ட துயரம் அவருடையது. அதற்கு அவர் வெள்ளை கட்டினாலும் கறுப்பு கட்டினாலும் கேட்பதற்கு நான் யார், நண்பர் யார்? அந்தத் துயரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் குறை சொல்வது துயரத்தை அல்ல, அதை நாம் உபயோகப்படுத்துகிற விதத்தை. நடிகை என்றால் நமக்குக் கொஞ்சம் கூச்சம். விதவை என்றால் கூச்சமில்லை. நடிகையை வீட்டுக்குள் விடுவதற்கு வழி தெரியாமல் இருந்தோம். அவர் வெள்ளைப் புடவையில் வந்ததும் ‘அப்பாடா’ என்று கதவைத் திறந்துவிட்டோம். அதற்குப் பிறகு அவரை நந்தனார் ஆக்கினோம், அவ்வையார் ஆக்கினோம், காரைக்கால் அம்மையார் ஆக்கினோம்.

1935-ல் நந்தனார் படத்தில் நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஒரு பவுன் இருபது முப்பது ரூபாய்க்கு விற்ற காலம்! அந்த லட்சத்தைப் பற்றி விழாவில் ஒருவர் குறிப்பிட்டார், எப்படி? ‘பணத்தாசை இல்லாத அந்தத் தாய்’ என்று ஆரம்பித்து! ஒரு லட்சம் கேட்டு வாங்கிய பெண்மணி தன் விலை தெரிந்தவர். விலை தெரிந்திருப்பது ஒரு கலைஞருக்கு இழுக்கு அல்ல. வித்வான் சன்மானம் பேசினால் கௌரவம், நடிகை சம்பளம் பேசினால் பேராசை என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? அதோடு, அந்தப் படத்தில் அவர் போட்டது ஆண் வேஷம். எதிரே வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர், பெரிய சங்கீத வித்வான். ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்றவர், ஆணாகவே வந்து ஒரு மகாவித்வானுக்கு எதிரே பாடினார். இதில் எவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறது, எவ்வளவு பிடிவாதம் இருக்கிறது! இதையெல்லாம் விட்டுவிட்டு ‘தியாகம், தியாகம்’ என்று ஒரே வார்த்தையைப் போட்டு மூடுகிறார்கள்.

1951-ல் சென்னைச் சட்ட மேல்சபைக்குப் போனார். சினிமாவிலிருந்து சட்டசபைக்குப் போகிற பாதையை நம் ஆண் நட்சத்திரங்கள்தான் வெட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த அம்மாள் அதற்கெல்லாம் வெகு முன்னாலேயே, காங்கிரஸ் மேடைகளில் தொண்டை கிழியப் பாடிய கணக்கில், போய் உட்கார்ந்துவிட்டார். விழாவில் இதற்கு ஒரு வாக்கியம் கிடைத்தது.

அவ்வையார் சங்கதிக்கு வருகிறேன். டி. கே. சண்முகம் 1940-களில் மேடையில் அவ்வையாராக நடித்தார். ஆண், பெண் வேஷம் போட்டார், அற்புதமாகப் போட்டார். ஜனங்கள் அவருக்கு ‘அவ்வை’ என்ற பட்டத்தையே பெயருக்கு முன்னால் வைத்து அவ்வை சண்முகம் ஆக்கினார்கள். அது அவருடைய நடிப்புக்குக் கொடுத்த பட்டம். 1953-ல் ஜெமினி படத்தில் சுந்தராம்பாள் அதே அவ்வையாராக வந்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் என்ன சொன்னார்கள்? ‘அந்த அம்மா வாழ்க்கையே அப்படித்தானே, நடிக்கவா வேண்டும்?’ இன்றைக்கும் சொல்கிறார்கள். அன்றைக்கு விழா மேடையிலேயே சொன்னார்கள். பாருங்கள் நியாயத்தை! ஆண் செய்தால் நடிப்பு. பெண் செய்தால் சுபாவம். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி கிழவியின் நடையையும் குரலின் நடுக்கத்தையும் கொண்டுவந்து, அதே தொண்டையில் உச்சஸ்தாயியையும் காட்டியது சுபாவமாம்.

இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நான் சொல்லவில்லை. வங்காளத்தில் வினோதினி தாசி என்று ஒரு நடிகை இருந்தார். தாசி வீதியில் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே மேடை ஏறியவர். 1883-ல் கல்கத்தாவில் புதிய நாடகக் கொட்டகை கட்ட அவர் தம்மையே பணயம் வைத்தார். கொட்டகைக்கு அவர் பெயரை வைக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். கட்டி முடித்ததும், இப்படிப்பட்ட ஒருத்தியின் பெயர் இருந்தால் கண்ணியமானவர்கள் வரமாட்டார்கள் என்று ‘ஸ்டார்’ என்று வைத்துவிட்டார்கள். அங்கே அவர் சைதன்யராக நடித்ததை 1884-ல் ராமகிருஷ்ண பரமஹம்சரே வந்து பார்த்து ஆசீர்வதித்தார். பரமஹம்சருக்கு இல்லாத கூச்சம் கண்ணியமானவர்களுக்கு இருந்தது. இருபத்து சொச்சம் வயதில் வினோதினி மேடையை விட்டே போய்விட்டார். பிறகு தம் கதையைத் தாமே எழுதினார். அந்த ஸ்டார் தியேட்டருக்கு வினோதினி பெயரை வைப்பதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது 2024 டிசம்பர் கடைசியில். நூற்று நாற்பத்தொரு வருஷம்! நம் கும்பகோணம் பாலாமணி அம்மாளுக்கு அதுவும் இல்லை. பெண்களையே வைத்து ஒரு கம்பெனி நடத்தியவர். அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காக ஓடிய ரயிலுக்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே பெயர் விழுந்தது. கடைசியில் மதுரையில் ஏழ்மையில் கண்ணை மூடினார். அவர் வெள்ளைப் புடவைக் கதை எதுவும் விட்டுப்போகாததால் அவருக்கு விழாவும் இல்லை.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம்.

விழா அன்று ராத்திரி, பேச்சுகள் முடிந்ததும் ‘வள்ளி திருமணம்’ வைத்திருந்தார்கள். சுந்தராம்பாளுக்குப் பொருத்தமான அஞ்சலி என்று குழுவினர் நினைத்தது சரிதான். வள்ளியாக நடிக்க மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு நடிகை வந்திருந்தார். மாலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். மேடைக்குப் பின்னால் வாடகைக் கார் நின்றது; அதன் பின் ஆசனத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, புழுக்கத்தில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மின்விசிறிக்கு அடியில் பெண் கலைஞரின் பெருமையைச் சாங்கோபாங்கமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் செயலாளரிடம் சொன்னேன்: “அந்த அம்மாளை மேலே கூப்பிட்டு உட்கார வைக்கலாமே. சுந்தராம்பாள் போட்ட வேஷத்தைப் போடப் போகிறவர்.”

“நல்லாருக்காது சார். ஊர்ப் பெரியவங்க, வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் உக்காந்திருக்காங்க.”

“அவரும் ஒரு வீட்டுப் பெண்தானே?”

“நீங்க எழுதுறவுக, உங்களுக்குத் தெரியாததா!” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? மேடையிலிருந்து இறங்கிக் காருக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கலாம். செய்யவில்லை. பொன்னாடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆகையால் இந்தக் கட்டுரையில் நான் ‘நாம்’, ‘நம்மவர்கள்’ என்று எழுதுகிற இடத்திலெல்லாம் வாசகர் என்னையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது தருவைகுளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. முதல் நாள் ராத்திரி பக்கத்தில் நாடகம். விடிந்தும் விடியாத வேளை. கடல் காற்றில் கருவாட்டு வாடை. வேஷம் கலைத்த முகத்தோடு, காதோரம் இன்னும் அரிதாரம் ஒட்டியிருக்க, ஒரு பெண் வந்து முதல் பஸ் வரும்வரை இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டார். ஆச்சி பாயை எடுத்துக்கொண்டு வாசல்படியில் தயங்கினாள். உள்ளே விரிப்பதா வெளியே விரிப்பதா என்று. அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் அவரே சொன்னார்: “திண்ணையே போதுங்கம்மா. உள்ளே வந்தா உங்களுக்குத்தான் பேச்சு.” ஆச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. சுடச்சுடக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், பெரிய தம்ளர் நிறைய. ஆனால் பாய் திண்ணையில்தான் விரிக்கப்பட்டது.

நாற்பது வருஷத்தில் திண்ணை போய்க் கார் வந்திருக்கிறது. அந்தக் காரும் நடிகையே தம் சம்பளத்தில் பேசிக்கொண்டு வருவது. ஆண் நடிகர்கள் நள்ளிரவு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் நிற்க முடியாது. நின்றால் ‘நடிகை’ என்று யாராவது ஒரு குரல் கொடுப்பான். நம் பாஷையில் அந்த வார்த்தையையே வசவாக உபயோகிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். சூசன் சைசர் என்ற அமெரிக்கப் பெண்மணி மதுரையில் வந்து தங்கி, இந்த ஸ்பெஷல் நாடகக்காரர்களோடு ஊர் ஊராகச் சுற்றி, 2005-ல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். அதன் தலைப்பிலேயே, தமிழ் மேடையின் மேல் ஒட்டியிருக்கிற களங்கம் என்ற பொருளில், ஒரு வார்த்தையை வைத்தார். வெளியூர்க்காரிக்குத் தலைப்பு வைக்கிற அளவுக்குப் பளிச்சென்று தெரிந்தது, நமக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போது தெரியவில்லை.

அன்று ராத்திரி பத்தே காலுக்கு வள்ளி மேடைக்கு வந்தார். நான் புறப்பட வேண்டியவன், இருந்துவிட்டேன். நாரதராக வந்தவர் நல்ல கனமான சாரீரம். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தர்க்கத்தில் வள்ளியை மடக்குவதற்காக ஒரு விருத்தத்தை இழுத்துக் கடைசியில் வேண்டுமென்றே சிக்கலான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆர்மோனியக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நடிகை ஒரு விநாடி புன்னகை செய்துவிட்டு, அதே இடத்தில் பிடித்து, மேலே ஏறி, நாரதருக்கு எட்டாத ஓரிடத்தில் போய் நின்றுகொண்டு, ‘வாருங்கள் சுவாமி’ என்பதுபோல் கையைக் காட்டினார். கூட்டம் எழுந்து ஆரவாரம் செய்தது. கண்ணைத் துடைத்த பெரியவர்கள் ஒன்பதரைக்கே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்கள்தான் பார்த்தார்கள்.

ஒரு விஷயம் பாக்கி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரு நாவலில் ஒரு நாடக நடிகையும் ஒரு நாடக நடிகரும் வருகிறார்கள். விழா முடிந்து வந்து அதை எடுத்துப் புரட்டினேன். இருவரும் ஒரே வயது, ஒரே கம்பெனி, ஒரே மேடை. நடிகர் ‘வந்தார்’, ‘பாடினார்’, ‘உட்கார்ந்தார்’. நடிகை ‘வந்தாள்’, ‘பாடினாள்’, ‘உட்கார்ந்தாள்’. முந்நூற்றுச் சொச்சம் பக்கமும் அப்படியே. எழுதும்போது என் கை ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. இந்தக் கட்டுரையிலேயே பாருங்கள், ஆச்சி ‘கொடுத்தாள்’ என்றுதான் வந்துவிட்டது. அது எங்கள் வீட்டு உரிமை, இருந்துவிட்டுப் போகட்டும். அந்த நடிகையிடம் எனக்கு என்ன உரிமை?

மறுபதிப்பில் எல்லாவற்றையும் ‘ஆர்’ என்று மாற்றித் தருகிறேன் என்று பதிப்பாளருக்கு எழுதினேன். மறு தபாலில் பதில் வந்தது: வாசகர்களுக்கு உறுத்தும், கதாநாயகி என்ற நெருக்கம் போய்விடும், வேண்டுமானால் முன்னுரையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்று. நான் முன்னுரை அனுப்பவில்லை. திருத்திய பிரதியைத்தான் அனுப்பியிருக்கிறேன்.